வாசலில் நிற்பவளை உள்ளே அழைக்க இன்னும் எத்தனை படம் வேண்டும்?



2025 நவம்பர் 7-ஆம் தேதி ‘ஹக்’ என்றொரு இந்திப் படம் திரைக்கு வந்தது. சுபர்ண் வர்மா இயக்கியது. யாமி கௌதமும் இம்ரான் ஹாஷ்மியும் மனைவி, கணவனாக நடித்தது. இந்தூர் ஷாபானு வழக்கைத் தழுவிய கதை. ஷாபானுவின் மகள் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டார். படம் வெளிவருவதற்குள் அந்த மனு தள்ளுபடியாகிவிட்டது.

நம் பகுதி இளைஞர்கள் சிலர் ஆவேசத்தோடு வந்தார்கள். “ஹஜ்ரத், ஷரீஅத்தை இழிவுபடுத்திவிட்டார்கள். கண்டனக் கூட்டம் போட வேண்டும், சுவரொட்டி அடிக்க வேண்டும்” என்றார்கள். படத்தை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. சரி, தீர்ப்பையாவது படித்தீர்களா? அதுவும் இல்லை. மாதம் எத்தனை ரூபாய் ஜீவனாம்சத்துக்காக அந்த வழக்கு டில்லி வரை போனது தெரியுமா என்றேன். லட்சம் இருக்கும் என்றார் ஒரு தம்பி.

1979-இல் இந்தூர் மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு மாதம் 25 ரூபாய்! 1980-இல் உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் வசதியான வழக்கறிஞர். 1932-இல் நிகாஹ், ஐந்து பிள்ளைகள், நாற்பத்து மூன்று ஆண்டுக் குடும்பம். 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றினார், 1978-இல் தலாக் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய, தன் பிள்ளைகளைப் பெற்றுத் தந்த பெண்ணுக்கு மாதம் 179 ரூபாய் 20 காசு தர மாட்டேன் என்று உச்ச நீதிமன்றப் படியேறி 1985 ஏப்ரல் 23-இல் தோற்றார்.

தோற்றது அவர் ஒருவர்தானா? அந்தத் தீர்ப்பை எதிர்த்து நாடு முழுக்க நாம் ஊர்வலம் போனோம். 1986 பிப்ரவரி 1-இல் பாபர் மசூதியின் பூட்டு திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் முஸ்லிம் பெண்கள் சட்டம் நிறைவேறியது. ஒரு தட்டில் இதையும் மறு தட்டில் அதையும் வைத்து எடை போட்டார்கள் என்று எழுதியவர்கள் பலர். அந்த 179 ரூபாய் 20 காசுக்கு இந்தச் சமுதாயம் கொடுத்த விலையைக் கூட்டிப் பார்க்க நம் தோல் கம்பெனிகளின் ஆடிட்டர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் முடியாது.

இதற்கு மேலும் கண்டனக் கூட்டம் போட வேண்டுமென்றால் போடுவோம். யாரைக் கண்டித்து என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்வோம்.

தடை கேட்பதும் தலையைத் திருப்புவதும்

நம் வீட்டு மணவிலக்கைப் பற்றிப் படம் வருவது இது முதல் முறையல்ல. 1982-இல் பி.ஆர்.சோப்ரா ‘நிக்காஹ்’ எடுத்தார். கோபத்தில் மூன்று முறை சொன்ன கணவன், பிறகு வருந்துகிறான். இடையில் அவளுக்கு இன்னொரு நிகாஹ். கடைசியில் அந்த இரண்டு ஆண்களும் அவளை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கப் பேசும்போது, நான் என்ன கைமாற்றும் பொருளா என்று கேட்கிறாள். 2003-இல் மலையாளத்தில் ‘பாடம் ஒன்னு: ஒரு விலாபம்’ வந்தது. பதினைந்து வயதுப் பெண்ணை ஏற்கெனவே மனைவி உள்ளவனுக்குக் கட்டிவைத்துப் பிறகு கைவிடும் கதை. டி.வி.சந்திரன் இயக்கம். மீரா ஜாஸ்மினுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது. கதை எழுதித் தயாரித்தவர் நிலம்பூர் ஆர்யாடன் ஷௌகத், 2025 இடைத்தேர்தலில் சட்டமன்றம் போன அதே ஷௌகத். ‘இஸ்லாத்தின் எதிரி எடுத்த படம்’ என்று இவரைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை!

இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். நடிப்பு, பாட்டு, வியாபாரம் கலந்த சரக்கு அவை. நான் பேச வந்தது வேறொரு படம். அது நம் தமிழ்நாட்டில், நம் தமிழில், நம் பெண்களையே வைத்து எடுக்கப்பட்டது. நடிகர் இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. பெயர் ‘இன்வோகிங் ஜஸ்டிஸ்’. தீபா தன்ராஜ் என்ற பெண் இயக்குநர் 2011-இல் எடுத்த ஆவணப்படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எந்தக் கம்பெனியின் கொட்டகையிலும் ஓடவில்லை. அதனால் நம்மில் யாரும் கண்டனக் கூட்டமும் போடவில்லை. ஆலிம் ஆகிய நீர் படம் பார்க்கலாமா என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: திருமண மண்டபத்தில் நீங்கள் எடுக்கும் வீடியோவைவிட அது எவ்வளவோ ஒழுக்கமானது.

படம் புதுக்கோட்டையைப் பற்றியது. தாவூத் ஷரீஃபா கானம் என்ற சகோதரியும் அவருடன் இருந்தவர்களும் 2004-இல் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஏன் தொடங்கினார்கள்? ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் உட்கார்ந்து குடும்ப வழக்கைப் பேசுகிறார்கள், எந்தப் பெண்ணின் வாழ்வைப் பேசுகிறார்களோ அவளுக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. இதுதான் காரணம். படத்தை வெளியிட்டவர்கள் தரும் கணக்குப்படி அந்த அமைப்பில் 12 மாவட்டங்களில் 12,000 பெண்கள் சேர்ந்தார்கள், 8,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் வந்து தீர்ந்தன.

எட்டாயிரம்! அந்தக் கணக்கில் பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள். பத்தில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் எண்ணூறு பெண்கள். எண்ணூறு பேர் தம் ஊர்ப் பள்ளிவாசலைத் தாண்டி, பேருந்து ஏறி, முன்பின் அறியாத பெண்களிடம் போய் அழுதிருக்கிறார்கள். நம் வாசல் திறந்திருந்தால் ஏன் போகிறார்கள்?

அந்த அமைப்பின் எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டும் திட்டத்தை அவர்கள் அறிவித்தபோது எழுந்த விவாதத்தில் என் நிலை வேறு. ஆனால் கருத்து வேற்றுமையைக் காரணம் காட்டி அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுப் பணம், விளம்பர மோகம் என்று ஏசியவர்கள் உண்டு. ஏசியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஜமாஅத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, அம்மா நீ சொல் என்று கேட்டிருக்கிறார்கள்?

செருப்பு வரிசைக்குப் பக்கத்தில்

நம் பாலாற்றுப் பகுதி ஜமாஅத் விசாரணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இஷா முடிந்து உட்காருவார்கள். முத்தவல்லி, நாட்டாண்மை, இரண்டு தரப்பு ஆண்கள், நடுவில் டீ. பெண்ணுக்காக அவள் தகப்பனோ அண்ணனோ பேசுவார். அவள் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், புர்காவோடு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே, அவள் சமைக்கத் தெரியாதவள் என்று பேசுவார்கள். மாமியாருக்கு அடங்காதவள் என்று பேசுவார்கள். அண்ணன்காரனுக்கோ விஷயம் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை ஒரு பெண் தன் அண்ணனிடம் எப்படிச் சொல்வாள்? அவன் அடித்த இடத்தை அண்ணனிடம் காட்ட முடியுமா? படுக்கையறையில் நடந்த கொடுமையைச் சொல்ல முடியுமா? கடைசியில் “பேசி முடித்தாகிவிட்டது” என்று வெளியே வந்து சொல்வார்கள். எதை முடித்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

இது ஷரீஅத்தா? அஸ்தஃபிருல்லாஹ்! 

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தி முவத்தாவிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுபுஹு தொழுகைக்கு வெளியே வருகிறார்கள். இருள் பிரியவில்லை. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். யார் என்று கேட்கிறார்கள், என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். தனக்கும் கணவர் தாபித் இப்னு கைஸ் அவர்களுக்கும் இனி ஒத்துவராது என்று அந்த அம்மையார் தம் வாயாலேயே சொல்கிறார். உன் தகப்பனை அனுப்பு, அண்ணனை அனுப்பு என்று அண்ணலார் சொல்லவில்லை. கணவர் வந்ததும் அவர் முன்னிலையில் அந்தப் பெண் சொன்னதை எடுத்துச் சொல்லி, அவர் கொடுத்திருந்த மஹரைத் திருப்பிக் கொடுக்க வைத்துப் பிரித்துவைத்தார்கள். குலாவுக்கு நாம் மதரஸாவில் ஓதும் ஆதாரமே இதுதான். வாசலில் நின்ற பெண்ணிடம் முதலில் பேசியதில் தொடங்கிய சட்டத்தை வைத்துக்கொண்டு, நாம் பெண்ணை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம்.

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) தம் கணவரைப் பற்றி நபியவர்களிடமே வாதாடினார்கள். அதற்காக ஒரு சூராவே இறங்கி, வாதாடிய பெண் என்ற பொருளில் அல்முஜாதிலா என்று பெயர் பெற்றது. 58-ஆம் அத்தியாயம். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, இரண்டாம் தரப்பின் பேச்சையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அண்ணலார் கட்டளையிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள இந்த ஹதீஸ் எந்த மத்ஹபில் தள்ளுபடி? ஹனஃபிகளுக்கு வேறு, ஷாஃபிகளுக்கு வேறு என்று இதில் பிரிவினை உண்டா? 

ரசீது இல்லாத வியாபாரம்

நம் வியாபாரப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. பெரியமேட்டில் ஒரு லாட் தோல் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்க்கிறீர்கள், தரம் பிரிக்கிறீர்கள், எண்ணுகிறீர்கள், பில் போடுகிறீர்கள், பணம் தரும் தேதியை எழுதிக்கொள்கிறீர்கள். சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன குறை என்று எழுத்தில் கேட்கிறீர்கள். இவ்வளவு கவனம் ஆட்டுத் தோலுக்கு! பெற்ற மகளின் குடும்பம் உடையும்போது, வாட்ஸப்பில் வந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஜமாஅத் ஒரு கடிதம் தருகிறது. என்ன குறை என்று யார் கேட்டார்? இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்லும் 4:35 எங்கே போனது? இரண்டு நீதமான சாட்சிகளைச் சொல்லும் 65:2 எங்கே? இத்தா முடியும்வரை அவளை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்ற 65:1?

மஹர் விஷயம் இன்னும் வெட்கக்கேடு. உடனே தருவது முஅஜ்ஜல், தவணை வைப்பதும் முஅஜ்ஜல். அரபியில் ஒன்றுக்கு ஐன், மற்றதற்கு ஹம்ஸா. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, எது உடனடி எது தவணை என்று தெரியாது. நம் மாப்பிள்ளைமார்களுக்கும் தெரிவதில்லை! பெண் வீட்டார் போட்ட நகையோ முதல் வருஷமே கடை முதலுக்குப் போய்விடுகிறது. பிரிவு வந்ததும் “அது செலவாகிவிட்டது” என்கிறார்கள். ஒரு குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்று 4:20 சொல்வது கணவன் கொடுத்ததைப் பற்றி. இங்கே நாம் தின்பதோ அவள் தகப்பன் கொடுத்ததை!

பள்ளிகொண்டா நெடுஞ்சாலையில் விடியற்காலை நின்று பாருங்கள். பாலாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் பஸ் தவறாமல் வருகிறது. அதில் ஏறும் பெண்களில் கைவிடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஜமாஅத்திடமும் கணக்கில்லை. காலையில் ஏறி, நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து, இருட்டியபின் இறங்கி வருகிறார்கள். பிள்ளைகளின் தகப்பன் அதே ஊரில் இரண்டாவது குடும்பத்தோடு ஜும்ஆவுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

நாமே கொடுத்த சாவி

நம் அதிகாரத்தை நீதிமன்றமும் அரசாங்கமும் பறிக்கின்றன என்று புலம்புகிறோம். சற்று வரிசையாகப் பாருங்கள்.

2002 அக்டோபர் 1. ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்குமுன் இரு தரப்பு நடுவர்களைக் கொண்டு சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும் என்றது. 4:35-இன் நடுவர்களை நமக்கு நினைவூட்ட ஒரு கோர்ட்டு வேண்டியிருந்தது! அதற்குப் பின்னும் பதினைந்து வருடம் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, சமாதான முயற்சி இல்லாத தலாக்கைப் பதிவு செய்ய மாட்டோம் என்று தீர்மானம் போட்டிருந்தால் 2017 ஆகஸ்ட் 22 தீர்ப்புக்கு வேலை இருந்திருக்குமா? 2019 சட்டத்துக்குச் சாக்கு கிடைத்திருக்குமா?

அந்த 2019 சட்டம் அநியாயமானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. செல்லாத ஒரு சொல்லைச் சொன்னதற்கு மூன்று வருடம் வரை சிறை. புருஷனை உள்ளே வைத்துவிட்டால் அவளுக்குச் சோறு யார் போடுவது? சொல்லாமலே மனைவியைக் கைவிட்டுப் போகும் மற்றச் சமூகத்து ஆணுக்கு அந்தச் சிறை இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்த அநியாயத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட சாவி யார் கையிலிருந்து போனது? மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதை ஹனஃபி நூல்களே பித்அத்தான தலாக், பாவம் என்று எழுதிவைத்திருக்கின்றன. அப்படிச் சொன்னவனின் முதுகில் உமர் (ரலி) அவர்கள் அடித்ததாக அறிவிப்பும் உண்டு. நாம் எவன் முதுகைத் தொட்டோம்? அடுத்த மாதமே அவனுக்கு நிகாஹ் ஓதி வைத்தோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2016 டிசம்பரில், அண்ணா சாலை மக்கா மஸ்ஜித் ஷரீஅத் கவுன்சில் தொடர்பான வழக்கில், வழிபாட்டு இடங்களில் நீதிமன்றம் போல் எதுவும் இயங்கக் கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். வழக்குப் போட்டவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்த ஓர் ஆண். 2017 ஜனவரியில், காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான் என்று இடைக்கால உத்தரவு வந்தது. வழக்குப் போட்டவர் முன்னாள் எம்.எல்.ஏ.வும் வக்ஃபு வாரியத் தலைவராக இருந்தவருமான பதர் சயீத். 2023 பிப்ரவரியில், ஷரீஅத் கவுன்சில் ஒன்று தந்த குலா சான்றிதழை ரத்து செய்து, பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பானது. கேரளத்திலும் தெலங்கானாவிலும் குலாவைப் பெண்ணின் உரிமை என்று நீதிமன்றங்கள் உயர்த்திப் பேசியிருக்க, இங்கே மட்டும் நிலைமை இப்படி. இந்த வழக்குகளில் கோர்ட்டுக்குப் போனவர்கள் நம்மவர்களே. வெளியாள் யாரும் நம் பள்ளிவாசல் சுவரேறிக் குதிக்கவில்லை.

இன்னும் ஒன்று. பலருக்குத் தெரியாதது. 1986 சட்டத்தின்படி, தன்னைப் பராமரிக்க வழியும் உறவும் இல்லாத மணவிலக்கான பெண்ணுக்கு வக்ஃபு வாரியம் கொடுக்க வேண்டும். போராடி வாங்கிய சட்டமல்லவா? நம் தமிழ்நாட்டில் ஒரு பெண் அதைக் கேட்டார். வாரியம் என்ன செய்தது? முதலில் உன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் மீதும் வழக்குப் போட்டுவிட்டு எங்களிடம் வா என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1996-இல் தோற்றது. வசதியான கணவர் ஒருவர் ஒரு ஏழைக் கிழவியோடு டில்லியில் வழக்காடினார் என்று வருந்தினோமே, அல்லாஹ்வின் பெயரால் எழுதிவைத்த சொத்தைக் காக்கும் வாரியமும் அதையே செய்தது! அந்த ஆண்டு எந்த ஊரில் கண்டன ஊர்வலம் நடந்தது?

2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், ஷாபானுவுக்காக வாதாடிய அதே வழக்கறிஞர் அந்த 1986 சட்டத்தை எதிர்த்துப் போனார். சட்டம் செல்லும், ஆனால் அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதை இத்தா காலத்துக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை 10-இல், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியும் அவள் கேட்கலாம் என்றும் ஆகிவிட்டது. சுற்றி வந்து 1985-லேயே நிற்கிறோம். இதற்கிடையே உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தாயிற்று. அடுத்த மாநிலங்களில் அதைக் கேட்பவர்கள் முதலில் காட்டப்போவது உங்கள் ஊர் ஜமாஅத் வாசலில் நிற்கும் பெண்ணைத்தான்.

ஷரீஅத்தில் கை வைக்கலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபப்பட்டார். நம் முன்னோரான உலமாக்கள் கை கட்டி நிற்கவில்லை, பெரியவரே! கணவன் காணாமல் போனாலும், சோறு போடாவிட்டாலும் ஹனஃபி சட்டப்படி பிரிய வழியில்லாமல், பெண்கள் மார்க்கத்தைவிட்டே வெளியேறும் நிலை பஞ்சாபில் வந்தது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அதைக் கண்டு துடித்து, மாலிகி மத்ஹபிலிருந்து வழி எடுத்து ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ எழுதினார்கள். அதன் விளைவு 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு வருடம் கணவனின் தகவல் இல்லை என்றால், இரண்டு வருடம் பராமரிக்கவில்லை என்றால், அவள் நீதிமன்றத்தில் பிரிவு கேட்கலாம். தேவ்பந்தின் பெரும் ஆலிம், ஹனஃபி மத்ஹபின் தூண், பெண்களின் அழுகையைக் கேட்டு மத்ஹபின் வேலியைத் தாண்டினார்கள். நாம் ஒரு நாற்காலியை எடுத்துப் போட யோசிக்கிறோம்.

தெஹ்ரானில் ஒரு நீதிபதி

அதே 2011-ஆம் ஆண்டு ஈரானிலிருந்து ஒரு படம் வந்தது. அஸ்கர் ஃபர்ஹாதி எடுத்தது, ‘நாதிர், ஸிமீனின் பிரிவு’ என்று பெயர். பெர்லினில் தங்கக் கரடியும் 2012-இல் ஆஸ்கரும் வாங்கியது. புதுக்கோட்டைப் படத்தைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிவருகிறேன்.

மனைவி வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். நினைவு தப்பிய தகப்பனை விட்டு வர மாட்டேன் என்கிறான் கணவன். இருவரும் கெட்டவர்கள் இல்லை. கிழவரைப் பார்த்துக்கொள்ள ராஸியா என்ற ஏழைப் பெண் வருகிறாள். அசுத்தமான அந்நிய ஆணின் ஆடையை மாற்றிவிடுவது தனக்குக் கூடுமா என்று தொலைபேசியில் மார்க்கம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறாள். பிறகு ஒரு தள்ளுமுள்ளு, கருச்சிதைவு, வழக்கு. பெரும் பணம் கைக்கு வரும் நேரம். தள்ளியதால்தான் கரு கலைந்தது என்று குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய் என்கிறான் நாதிர். அவளுக்குச் சந்தேகம் இருக்கிறது. கடன்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, புருஷன் தலையில் அடித்துக்கொள்ள, அவள் சத்தியம் செய்ய மறுக்கிறாள். ஈமானைப் பற்றி நான் செய்த பயான்களில் எத்தனை அந்த ஒரு காட்சியின் பக்கத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அதன் கடைசியை. பதினோரு வயது மகள் நீதிபதி முன் நிற்கிறாள். யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று அவர் அவளைத்தான் கேட்கிறார். தாயும் தகப்பனும் வெளியே நடையில், ஆளுக்கொரு பக்கம் காத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளை உள்ளே இருக்கிறது, பெரியவர்கள் வெளியே! ராஸியாவும் படம் முழுக்கத் தன் வழக்கைத் தானே அதிகாரி முன் நின்று பேசுகிறாள், கறுப்புச் சாதரோடு. பர்தா அவள் வாயை அடைக்கவில்லை. ஈரானின் எல்லாச் சட்டத்தையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை, ஷியா சுன்னி விவாதத்துக்கும் வரவில்லை. ஒரு விசாரணைக் கூடம் எப்படி இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளிவாசலுக்குள் பெண்ணை அழைத்து விசாரிப்பது ஊர் வழக்கத்தில் இல்லை என்பவர்கள் பள்ளிக்குள் அழைக்க வேண்டாம். மதரஸா ஹாலில் உட்காருங்கள், ஷாதி மஹாலில் உட்காருங்கள். மஹல்லாவில் படித்த தாய்மார்கள் இருவரை விசாரணையில் சேருங்கள். ஆண்களிடம் சொல்ல முடியாததை அவள் அவர்களிடம் சொல்லட்டும், அவர்கள் எடுத்துச் சொல்லட்டும். தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்குச் சட்டம் இடம் தராது. சமாதானம் பேச எந்தச் சட்டமும் தடையில்லை. மூன்று அமர்வு பேசாமல் எந்தத் தலாக் கடிதத்தையும் வாங்குவதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள். மஹரும் நகையும் இத்தா செலவும் பிள்ளைச் செலவும் பைசா சுத்தமாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவனுக்கு மறு நிகாஹ்வுக்கு ஜமாஅத் கடிதம் இல்லை என்று எழுதுங்கள். தனவந்தர் வீட்டுப் பையனாக இருந்தாலும்! இங்கேதான் முத்தவல்லிமார்களின் வீரம் தெரியும். சந்தா அதிகம் தரும் வீட்டு வழக்கு வரும்போது பேச்சு எப்படி மெலிகிறது என்பது இந்தப் பகுதியில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

இளைஞர்களே, சுவரொட்டிக்கு வசூலித்த பணம் மீதம் இருந்தால் அதைக் கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மஹல்லாவில் கைவிடப்பட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்களில் மஹர் பெற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை பேரின் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். உங்கள் தாயாரையும் தங்கையையும் கூட அழைத்துப் போங்கள், அவர்களிடம்தான் பேசுவார்கள். பெயரை வெளியே சொல்லாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் ஜமாஅத் பொதுக்குழுவில் வாசியுங்கள்.

அதற்கும் முன்பாக, வருகிற ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியிடம் மரியாதையாகக் கேட்டு, பள்ளியின் நிகாஹ் தஃப்தரை வாங்கிப் பாருங்கள். நிகாஹ் பக்கத்தில் மாப்பிள்ளை கையொப்பம், வலீ கையொப்பம், சாட்சிகள், மஹர் தொகை எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருப்பார்கள். பிறகு தலாக் எழுதும் பக்கத்துக்குத் திருப்புங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுத அங்கே எத்தனை வரி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, ஊர்ப் பெயரோடு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.